தண்ணீர் நிற்கும் கல்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பித்தளைக் குடம். பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால், சாயாமல் இருக்க மணலில் சற்றே புதைத்து வைத்திருந்தார்கள். கழுத்து வரைக்கும் தண்ணீர். அதன் பிறகுதான் கதவையும், கதவில் தொங்கிய புதுப் பூட்டையும், பூட்டைப் பார்த்தபடி நின்ற இரண்டு பெண்களையும் கவனித்தேன்.

அன்று மாசி மகம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரம் கடற்கரைக்குச் சாமிகள் வந்து தீர்த்தமாடும் செய்தியை எழுத என்னைப் பத்திரிகையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வருஷா வருஷம் அதே செய்திதான். கூட்டம், மேளம், காணாமல் போய்க் கிடைத்த ஒரு குழந்தை. எழுதிப் பழகிய கை தானாக எழுதிவிடும். ஆகவே கூட்டம் சேருவதற்கு முன்னால் கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். அப்படித்தான் அந்த வீட்டின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டை எனக்குத் தெரியும். ஐந்து மாதம் முன்பு அதை மியூஸியமாகத் திறந்தபோது முன்வாசல் வழியாக உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். கம்பெனி காலத்து வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் கட்டிய மாடி வீடு. முகப்பு தெருவைப் பார்க்கும். முதுகு கடலைப் பார்க்கும். அவருக்குப் பின் யார் யார் கைக்கோ மாறி, யுத்தத்தின்போது பட்டாளம் தங்கி, கடைசியில் கூரை ஓட்டை விழுந்து, சுற்றுச்சுவர் இடிந்து, குப்பத்துக்காரர்கள் கருவாடு காயவைக்கும் இடமாகக் கிடந்தது. பேட்டையின் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். பின்சுவரை எழுப்பி இரும்புக் கதவு போட்டார்கள். அந்த வியாபாரி அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர், அதை ஒழிக்கச் சொல்லி லண்டனுக்கு மனு எழுதியவர், அடிமைகளை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தவர் என்பது அவர்கள் கண்டுபிடித்த விஷயம். திறப்பு விழாவில் இரண்டு மணி நேரம் இதைப் பேசினார்கள்.

உள்ளே அவருடைய நாற்காலி இருந்தது. மைக்கூடு, மூக்குக்கண்ணாடி, வெல்வெட்டுத் துணிமேல் ஒரு விலங்குச் சங்கிலி இருந்தன. சங்கிலிக்கு மெருகு போட்டிருந்தார்கள். பின்கட்டில், கடலைப் பார்த்து வாசல் வைத்த நீள அறை ஒன்று. சின்னச் சின்ன சாளரங்கள், மனிதத் தலைக்கு மேலே. 'விடுதலை பெற்றோர் தங்கிய இல்லம்' என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். பேச்சுகள் நடந்துகொண்டிருந்தபோது நான் அந்த அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேக்குக் கதவு, நான்கு விரல் கனம். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, இருந்த தழும்பும் கிடையாது. வெளிப்பக்கம் இரண்டு இருந்தன. ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில்.

இதைச் செய்தியில் ஒரு வரியாக எழுதினேன். கருத்து எதுவும் சொல்லவில்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் எழுதினேன். அச்சில் அந்த வரி இல்லை. விழாவுக்குத் தலைமை வகித்தவர் எங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் தருகிறவர்.

அந்த அறையின் கடல்வாசலில் ஒரு கருங்கல் படி. படியில் ஒரு குழி. அதற்கும் பலகை உண்டு: 'விடுதலை பெற்ற அடிமைகளின் பாதங்கள் பட்டுத் தேய்ந்த படி.' பாதங்கள் பட்டுத் தேய்ந்தால் படி நடுவில், விளிம்போரமாகத் தேயும். எந்தக் கோயில் வாசலிலும் பார்க்கலாம். இந்தக் குழி ஓரத்தில், நிலையை ஒட்டி இருந்தது. ஒரு சின்னச் சட்டி அளவு, அடி வழவழப்பாக, வட்டமாக. யாரும் கால் வைக்கிற இடம் இல்லை அது. அது என்ன என்று அன்று எனக்கும் தெரியவில்லை.

இரும்புக் கதவின் முன்னால் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கறுத்து, உயரமாக, கூடை சுமந்து சுமந்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கிற பழக்கம். இளையவள் அவளுடைய மருமகள், முப்பதுக்குள். இருவரும் பக்கத்துக் குப்பம், மீன் விற்கிறவர்கள். மூத்தவளின் மடியில் உருண்டையாக ஒரு குழவிக்கல் துருத்திக்கொண்டிருந்தது.

நான் போலீஸ்காரனைப் போலக் காக்கி நிஜாரோ தலைப்பாகையோ போடவில்லை. கையில் பென்சில் இருந்தது. அதனால் என்னைக் கமிட்டிக்காரன் என்று நினைத்தாள்.

"தொறக்கச் சொல்லு நைனா. ஊத்திட்டு ஓடிப்பூடறேன். கல்லைத் தூக்கிகினா போவப் போறேன்?"

நான் பத்திரிகைக்காரன், சாவி என்னிடம் இல்லை என்றேன். அவள் நம்பிக்கை இழந்தாள். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. அங்கேயே, கதவுக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். மருமகள் இடையிடையே திருத்தினாள்.

அவளுடைய பாட்டனின் அக்காவை அந்த அறையில்தான் அடைத்து வைத்திருந்தார்களாம். அவளை மட்டுமல்ல, வடக்கேயும் மேற்கேயும் இருந்து பிடித்துவந்த ஜனங்களை. வாங்கின அடிமையா, மொரீசுத் தீவுக்குக் கைநாட்டு வைத்த கூலியா என்ற வித்தியாசம் குப்பத்துப் பேச்சில் கிடையாது. இரண்டு பேரும் அதே கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள், அதே படி தாண்டிப் படகில் ஏறினவர்கள். படகில் ஏற்றும்போது அவர்கள் தண்ணீர் கேட்டார்கள். கரையில் நின்ற குப்பத்துப் பெண்களிடம் குடத்தில் தண்ணீர் இருந்தது. கொடுக்க விடவில்லை.

அதிலிருந்து மகத்தன்று நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்தப் படியில் ஊற்றுகிறார்கள். கப்பலேறித் திரும்பாதவர்களுக்குக் குப்பத்தில் திதி கிடையாது. செத்தார்கள் என்று யார் சொல்வது? அவர்களுக்குத் தண்ணீர் மட்டும்தான். முதலில் குழவிக்கல்லால் குழியை நாலு இழுப்பு இழுத்துத் தேய்த்துவிட்டு, பிறகு ஊற்ற வேண்டும். குழி அப்படி வந்ததுதான். எத்தனையோ பெண்களின் கை. தண்ணீர் குழியில் நிற்க வேண்டும். நின்றால் அவர்கள் எங்கோ உயிரோடு இருந்து குடித்ததாகக் கணக்கு. ஓடிவிட்டால் குடிக்க ஆள் இல்லை.

"துரை காப்பாத்துனானாமே," என்றாள். திறப்பு விழா ஒலிபெருக்கி குப்பம் வரைக்கும் கேட்டிருக்கிறது. "யாரு கைலேர்ந்து காப்பாத்துனான்? அதச் சொன்னாங்களா அங்க?"

சொல்லவில்லை என்றேன்.

ஆனால் அவள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றது பாட்டனின் அக்காவுக்காக அல்ல. அவளுடைய மகன் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலேறினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு ஒரு செய்தியும் இல்லை. நடந்தே வந்தவர்கள் வந்தார்கள். அவர்களில் அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. குப்பத்து நாட்டார்கள், அதாவது ஊர்க் காரியங்களைத் தீர்த்து வைக்கும் பெரியவர்கள், இரண்டு தடவை வீட்டுக்கு வந்து காரியத்தைச் செய்துவிடச் சொன்னார்கள். செய்தால் மருமகள் கழுத்துத் தாலியை இறக்க வேண்டும். கிழவி மறுத்தாள். கல்லில் தண்ணீர் நிற்கிறது, வந்து பாருங்கள் என்றாள். அவர்கள் வந்து பார்த்தார்கள். நின்றது. மகத்துக்கு மகம் தண்ணீர் நிற்கிற வரைக்கும் இனிக் கேட்பதில்லை என்று பேசி முடித்தார்கள். ஒரு மகம் தவறினால் அந்தப் பேச்சு போயிற்று.

மருமகளைப் பார்த்து, உனக்கும் இதுதான் எண்ணமா என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்டிருக்க வேண்டியதில்லை என்று அவள் முகம் சொன்னது.

"கெடக்கட்டும் சார் கயுத்துல. அதுக்கின்னா சோறா போடப் போறேன்?" என்றாள். பிறகு மாமியாரைப் பார்த்து, "அவரு அங்க ஒரு பர்மாக்காரிய கட்டிகினு சொகமா குந்தினு கீறாரு. நீ தண்ணி மொண்டு மொண்டு ஊத்து. அவளுக்கும் சேத்து ஊத்து."

"கட்டிக்கட்டும்டி. உசுரோட கீறான் இல்ல?" என்றாள் கிழவி.

இருவரும் சிரித்தார்கள். இது அவர்கள் பலமுறை சொல்லிச் சிரித்த வேடிக்கை என்று தெரிந்தது.

உள்ளேயிருந்து காவல்காரன் வந்தான். தண்டையார்ப்பேட்டைக்காரன், இளவயசு, கமிட்டி கொடுத்த காக்கிச் சட்டை தோளில் இறங்கித் தொங்கியது. சாவி தன்னிடம் இருந்தாலும் பின்கதவைத் திறக்க உத்தரவு இல்லை, பத்து மணிக்கு செக்ரட்ரி ஐயா வருவார், அவரைக் கேட்டுக்கொள் என்றான். கிழவி அவனுடைய அம்மாவைத் தனக்குத் தெரியும் என்றாள். தான் கொடுத்த கடன் மீனைத் தின்று வளர்ந்த உடம்பு இது என்றாள். அவன், அதற்காக வேலையை விட்டுவிட முடியுமா ஆயா, பேஜார் பண்ணாதே என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். போய்விட்டான்.

நான் என் செய்தி வேலையைப் பார்த்தேன். சாமிகள் வந்தன. மேளம் வந்தது. ஒரு குழந்தை காணாமல் போய்க் கிடைத்தது. பத்து மணிக்கு அந்த வீட்டின் முன்வாசலுக்குப் போனேன். போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் குடத்தோடு அங்கே காத்திருந்தார்கள்.

செக்ரட்ரி ஓய்வுபெற்ற வக்கீல். சுத்தமான வேட்டி, சுத்தமான பேச்சு. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. தன் சொந்த அலமாரிப் புத்தகங்களை அந்த வீட்டுக்குக் கொடுத்தவர். கிழவியை நிற்கவைத்துப் பேசவில்லை, பெஞ்சைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, பொறுமையாகச் சொன்னார்:

"அம்மா, நீங்க நினைக்கிற மாதிரி அது சாதாரணக் கல் இல்லை."

"இத்தினி நாளா நாங்க நெனச்சினு கீறதும் அத்தான் சாமி," என்றாள் கிழவி.

அவருக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் ஒரு விநாடியாவது நின்றிருப்பார். சரித்திர முக்கியத்துவம் உள்ள பொருள், குழவிக்கல்லால் தேய்ப்பதை அனுமதிக்க முடியாது, தண்ணீர் ஊற்றினால் பாசி பிடிக்கும் என்றார். சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல உள்ளே வரலாம், பார்க்கலாம், விருப்பப்பட்டால் கும்பிடவும் செய்யலாம். குடம் மட்டும் கூடாது. விடுதலை பெற்றவர்களின் நினைவுக்கு மரியாதை செய்கிறவர்களை இந்த வீடு தடுக்காது என்றும் சொன்னார்.

நான் குறுக்கே பேசினேன். குழி பாதங்களால் தேய்ந்ததாக எழுதியிருக்கிறீர்களே, இவர்கள் தேய்த்தது என்கிறார்களே, விசாரித்தீர்களா என்று கேட்டேன். ஆதாரம் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். பாதங்களுக்கு என்ன ஆதாரம் என்றேன். அவர் புன்னகைத்து, ஜனங்கள் ஒன்றை நம்பிப் பூஜை செய்வது வேறு, சரித்திரம் வேறு என்றார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். அது பிற்காலத்தில் போட்டதாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். தேக்கில் ஆணி துருப்பிடித்து மரமும் இரும்பும் ஒன்றாகிப் போயிருந்தன. அதை அவர் பார்த்திருக்கவில்லை. நாற்காலியைப் பார்த்திருந்தார்.

இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அந்த வெள்ளைக்காரர் லண்டனுக்கு மனு எழுதியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எழுதியிருப்பார். மாடியில் உட்கார்ந்து, அந்த மைக்கூட்டில் தொட்டு, மனம் உருகியே எழுதியிருப்பார். கீழே பின்கட்டில் தாழ்ப்பாள் போட்டிருக்கும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் நடந்திருக்க முடியும். அந்த வீட்டை மியூஸியமாக்கினவர்கள் மாடியை வைத்துக்கொண்டு கீழ்க்கட்டுக்குப் பெயரை மாற்றினார்கள். அதுவும் யார்? வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தவர்கள். அடைபட்டவர்களின் சொந்த ஜனம் கதவுக்கு வெளியே குடத்தோடு நிற்கிறது. அடைத்தவரின் மூக்குக்கண்ணாடிக்கு நாங்கள் கண்ணாடிப் பெட்டி செய்து வைத்தோம். நாங்கள் என்றுதான் எழுதுகிறேன். திறப்பு விழாவில் நானும் காப்பி குடித்தேன்.

கிழவி வெளியே வந்தாள். தெருக்குழாயடியில் குடத்தை மருமகளிடம் கொடுத்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் குழாயடியில் உட்கார்ந்தாள். மருமகள் குடத்துத் தண்ணீரை முழுக்க அவள் தலையில் ஊற்றினாள். காலியானதும் குழாயில் பிடித்து மறுபடியும் ஊற்றினாள். முந்தானையை மட்டும் தனியாக மூன்று தடவை நனைத்தாள். மகத்தன்று ஈரப்புடவையோடு நடக்கிற பெண்ணை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அன்று தெருவில் பாதிப் பேர் ஈரம்தான்.

சீட்டு வாங்கினாள். குடம் இல்லை, குழவிக்கல் இல்லை. நானும் பின்னால் போனேன். வழுவழுவென்று மெழுகிய தரையில் நாற்காலி அறை, மைக்கூட்டு அறை எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு நேராக நடந்தாள், எதையும் பார்க்கவில்லை. காவல்காரன் தரையில் விழுந்த ஈரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தெருப்பக்க ஜன்னலில் ஏதோ முக்கியமானது நடப்பது போல அங்கே போய் நின்றுகொண்டான்.

நீள அறையின் கடல்வாசலில், படிக்கு முன் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குனிந்தாள். குழியை உள்ளங்கையால் நாலு தடவை தேய்த்தாள். முந்தானையைப் பிழிந்தாள். தண்ணீர் குழியின் பாதிவரை வந்தது. மருமகள் தன் முந்தானையையும் நீட்டினாள். அவளும் குழாயடியில் நனைத்து வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அதையும் பிழிந்ததும் குழி நிறைந்தது. கிழவி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். நின்றது.

"போதும் எயுந்திரு. குடிச்சிட்டான் உன் புள்ள," என்றாள் மருமகள். குரல் காலையில் கேட்ட குரலாக இல்லை.

செக்ரட்ரி வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். ஈரத் தரையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஆபீசில் இதை எழுதினேன். பெயர் எதுவும் போடாமல், பூட்டு, குடம், தாழ்ப்பாள், பலகை, கல் என்று வரிசையாக. செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, மகச் செய்தியில் மியூஸியம் எதற்கு என்றார். தனிச் செய்தியாகப் போடலாமே என்றேன். இது செய்தி இல்லை, ஏதோ குப்பத்து நம்பிக்கை என்றார். காணாமல் போன குழந்தை மறுநாள் இரண்டாம் பக்கத்தில் வந்தது.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வீடுகள் எங்கே இருந்தாலும் போய்ப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பு அதிகாரி ஒருவர் இருந்த பங்களா, திருவொற்றியூர்ப் பக்கம் கம்பெனிக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த பழைய துபாஷ் ஒருவரின் வீடு. எல்லாவற்றிலும் நாற்காலி இருக்கும். கட்டில் இருக்கும். எண்ணூர் பங்களாவில் துரையின் நாய்க்குக் கல்லறை இருக்கிறது, நாயின் பெயரைக் கல்லில் வெட்டி. உப்பு வாரினவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேட்டேன். அங்கே இருந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் தங்கவில்லை, வந்து போனார்கள் என்றார். நான் முன்வாசலால் போவதை நிறுத்திவிட்டேன். முதலில் பின்பக்கம் போய், எது பூட்டியிருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து பூட்டியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

அடுத்த வருஷ மகத்துக்கு, இம்முறை வேலையாக அல்ல, விடிவதற்குள் ராயபுரம் போனேன். கதவருகில் குடம் இல்லை. பத்து மணிக்கு இருவரும் ஈரப்புடவையோடு முன்வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிழவி என்னை அடையாளம் கண்டு, கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கூடவே உள்ளே போனேன்.

படியில் குழி இல்லை. சிமெண்டு வைத்து மட்டமாகப் பூசியிருந்தார்கள். தண்ணீர் தேங்கினால் யானைக்கால் கொசு வரும், பார்க்க வந்த ஒருவர் இடறியும் விழுந்தார் என்று செக்ரட்ரி பிற்பாடு விளக்கினார். கொத்தன் நன்றாகச் செய்திருந்தான், தடவினால் தெரியாது. மேலே பலகை, விடுதலை பெற்றவர்களின் பாதங்கள் பட்டுத் தேய்ந்த படி என்று, அப்படியே இருந்தது.

கிழவி கொஞ்ச நேரம் அந்த இடத்தைக் கையால் தேடினாள். பிறகு பிழிந்தாள். தண்ணீர் சிமெண்டின் மேல் பரவி, படியின் விளிம்புக்கு வந்து, மணலில் இறங்கியது. மருமகள் தன் முந்தானையை நீட்டவில்லை. கிழவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கல," என்றாள் கிழவி. யாரிடமும் சொன்னது போல இல்லை.

"சிமிட்டி வச்சிகீறாங்க அத்தே. அத்தொட்டுதான். நாட்டாருங்க கைல சொல்லிக்கலாம்."

சொன்னார்களா, நாட்டார்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் மணியகாரத் தெருமுனையில் மருமகளைப் பார்த்தேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். விலை கேட்டேன், சொன்னாள். கழுத்தில் ஒன்றும் இல்லை.